பெயரில்லாத மலை: கீழ்ப்பழனிக் காப்பி குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

2019ஆம் ஆண்டு இந்தியக் காப்பிகள் ஐந்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது: கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா. ஐந்துக்கும் விண்ணப்பித்தது காப்பி வாரியம். குறியீட்டைப் பதிவுசெய்யும் அலுவலகம் இருப்பது சென்னையில். ஆனால் அந்த ஐந்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டு மலையில் விளைந்ததில்லை.

அதே ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வேறு குறியீடுகள் வந்துசேர்ந்தன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்தது. அந்தப் பஞ்சாமிர்தத்தில் பிசையப்படும் விருப்பாச்சி மலைவாழை அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே குறியீடு பெற்றிருந்தது. விருப்பாச்சி வாழை கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிகளுக்கு இடையே, நிழலுக்கும் வருமானத்துக்குமாகச் சேர்த்து நடப்பட்ட பயிர். வாழைக்குப் பெயர் கிடைத்தது, அதன் நிழலில் வளர்ந்த காப்பிக்குக் கிடைக்கவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கொடைக்கானலுக்குக் கீழே, ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, மணலூர், ஆடலூர், பாச்சலூர், கே.சி. பட்டி எனப் பரவிக்கிடக்கும் ஊர்களைச் சேர்த்துக் கீழ்ப்பழனி என்கிறோம். காப்பி வாரியத்தின் ஏடுகளில் இதன் பெயர் 'புல்னீஸ்'. தமிழ்நாட்டின் காப்பிப் பரப்பில் மிகப் பெரிய பகுதி இதுவே. தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியக் காப்பி விளைச்சலில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 5 விழுக்காடுதான். என்றாலும், நாட்டு விளைச்சலில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ரோபஸ்டாவாக இருக்கும்போது, தமிழ்நாட்டில் விளைவதில் பெரும்பங்கு அராபிகா. கேரளத்தில் விளையும் அராபிகாவைப் போலப் பலமடங்கு இங்கே விளைகிறது.

உயரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, அராபிகா இருக்கிறது, காலையில் காப்பி இல்லாமல் விடியாத வீடுகள் மலையடிவாரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இத்தனை இருந்தும் 'தாண்டிக்குடிக் காப்பி' என்று பெயர் எழுதிய பொட்டலத்தைத் தமிழ்நாட்டின் காப்பித்தூள் கடைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். இதற்குக் காரணம் மண்ணிலோ நாவிலோ இல்லை என்பதும், இந்தக் காப்பி மூன்று இடங்களில் மற்றக் காப்பிகளோடு கலக்கப்பட்டுத் தன் ஊரை இழந்தது என்பதும் என் வாதம்.

2. வழக்கமான விளக்கங்கள்

காப்பி வணிகத்தில் இருப்பவர்களிடம் இக்கேள்வியை வைத்தால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும்: தரம் போதாது, மழை கெடுக்கிறது, தோட்டங்கள் சின்னவை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொன்றின் எடையும் வேறு.

தரத்தை முதலில் பார்ப்போம். 'ஸ்பெஷாலிட்டி காப்பி' என்ற வழக்கை 1974இல் ஏர்னா நுட்சன் என்ற அமெரிக்கக் காப்பி வணிகர் ஒரு வணிக இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தனித்த தட்பவெப்பத்தில் விளைந்து, அதனாலேயே தனிச்சுவை பெற்ற கொட்டைகளை அவர் அப்படி அழைத்தார். பின்னர் அது அளவுகோலாகக் கெட்டிப்பட்டது. 350 கிராம் பச்சைக்கொட்டையை எடுத்துப் பொறுக்கிப் பார்ப்பார்கள். முழுக்கறுப்பு, முழுப்புளிப்பு போன்ற பெருங்குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது; சிறுகுறைகள் 5க்கு மேல் கூடாது. பிறகு வறுத்து, பொடித்து, வெந்நீர் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சிப் பார்த்து மணம், புளிப்பு, உடல், பின்சுவை என்று பிரித்து மதிப்பெண் போடுவார்கள். 100க்கு 80 வந்தால் ஸ்பெஷாலிட்டி. அண்மை ஆண்டுகளில் இந்த மதிப்பெண் முறையையே சர்வதேச ஸ்பெஷாலிட்டி காப்பிச் சங்கம் மாற்றியமைத்துவருகிறது என்றாலும் 80 என்ற கோடு வணிகர் மனத்தில் பதிந்துவிட்டது.

இந்த அளவுகோலில் தமிழ்நாட்டு மலைகள் தோற்கின்றன என்று சொல்ல இடமில்லை. காப்பி வாரியம் தன் உயர்தர ஏற்றுமதி வகையாக முன்னிறுத்தும் 'மைசூர் நக்கெட்ஸ் எக்ஸ்ட்ரா போல்ட்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். சிக்மகளூர், கூர்க், பிலிகிரி, பாபாபுதன்கிரி ஆகியவற்றோடு சேர்வராயன் மலையும் அதற்கான விளைநிலமாக வாரியத்தால் சொல்லப்படுகிறது. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட ஏற்காட்டின் கொட்டை, உலகச் சந்தைக்குப் போகும்போது மைசூரின் பெயரில் போக முடிகிறது. இருக்கிற தரத்துக்கு அடுத்த மாநிலத்தின் சீட்டு ஒட்டப்படுகிறது. அந்தப் பட்டியலில்கூடக் கீழ்ப்பழனிக்கு இடமில்லை என்பது வேறு வருத்தம். ரகத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. 1940களில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எஸ்.795, 1980களில் வந்த காவேரி ஆகியவை சிக்மகளூரிலும் உண்டு, பெரும்பாறையிலும் உண்டு.

மழை பற்றிய விளக்கம் கனமானது. கர்நாடகக் காப்பி மலைகள் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் வெயில் காய்கின்றன. கீழ்ப்பழனிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். பழம் சிவக்கத் தொடங்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் இங்கே வானம் மூடிக்கொள்கிறது. பறித்த பழத்தைக் காயவைக்க வேண்டிய நேரத்தில் களம் நனைந்து கிடக்கும். இது தாண்டிக்குடி விவசாயியின் உண்மையான சுமை. ஆனாலும் மழைக்குள் அறுவடை நடக்கும் காப்பி நாடுகள் உலகில் உண்டு. கொலம்பியா அதில் முதன்மையானது. அங்கே கூரையடியில் உலர்த்துகிறார்கள், எந்திர உலர்த்திகளை வைத்திருக்கிறார்கள். மழையைச் சமாளிக்க முதலீடு வேண்டும், முதலீட்டைத் திருப்பித் தரும் விலை வேண்டும். ஊர்ப்பெயர் இல்லாத காப்பிக்கு அந்த விலை கிடைப்பதில்லை. ஆகவே மழையை மூலகாரணம் என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சின்னத் தோட்டம் என்ற விளக்கம் வேகமாக விழுந்துவிடும். இந்தியக் காப்பி விவசாயிகளில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் 10 ஹெக்டேருக்கு உட்பட்ட தோட்டம் வைத்திருப்பவர்கள். குடகிலும் அப்படித்தான்.

ஆய்வுலகத்தின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' அழுத்தமாக எழுதிக்காட்டியது. நடுத்தர வர்க்கம், சாதி, காப்பி கிளப், நவீனம் பற்றிய பதற்றம் எல்லாம் அதில் உண்டு. அது நுகர்வின் வரலாறு. விளைச்சலின் வரலாறு, அதுவும் இந்தியர் கையிலிருந்த கீழ்ப்பழனியின் வரலாறு, இன்னும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. சேர்வராயனில் ஐரோப்பியத் துரைமார் நடத்திய தோட்டங்களுக்கு ஆவணம் அதிகம். கீழ்ப்பழனியில் பட்டிவீரன்பட்டி நாடார் குடும்பங்கள் மலைமேல் தோட்டமும் அடிவாரத்தில் வணிகமுமாக வளர்ந்த கதை பெரும்பாலும் குடும்ப நினைவாகவே தங்கிவிட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் அந்த ஊர்க்காரர். சென்னையின் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்தது என்பதை அறிந்தவர்களிலும், அவருடைய ஊர் ஒரு காப்பி ஊர் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

3. வாரியத்தின் குவியல்

இரண்டாம் உலகப்போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தபோது இந்தியக் காப்பி தேங்கியது. அதைத் தாங்கிப்பிடிக்க வந்தது 1942ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டம். விளைந்த காப்பி முழுவதையும் விவசாயி வாரியத்தின் பொதுக்குவியலில் சேர்த்துவிட வேண்டும், வாரியம் ஏலத்தில் விற்று, தரப்புள்ளிக் கணக்குப்படி பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். பெரிய தோட்டக்காரரையும் ஓரேக்கர்க்காரரையும் விலைச்சரிவிலிருந்து இந்த ஏற்பாடு காத்தது என்பதை மறுக்க முடியாது. வாரியமே ஆராய்ச்சி நடத்தியது, காப்பி ஹவுஸ்களைத் திறந்து மக்களுக்குக் காப்பியைப் பழக்கியது. அந்தக் காலத்தை வெறும் கட்டுப்பாட்டுக் காலம் என்று தள்ளிவிடுவோரோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஆனால் குவியலுக்குள் போன கொட்டை எந்த மலையில் விளைந்தது என்பதற்குப் பணமதிப்பு இருக்கவில்லை. புள்ளி போடப்பட்டது தரப்பிரிவுக்கு. 'பிளாண்டேஷன் ஏ' என்றால் கழுவிய அராபிகா, 6.65 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் தங்குவது. 'பி', 'சி' என்று இறங்க இறங்கக் கொட்டை சிறுக்கும். 'பீபெரி' என்றால் பழத்துக்குள் இரண்டாகப் பிளக்காமல் ஒற்றையாய் உருண்ட கொட்டை. இவை யாவும் உருவத்தின் அளவுகள். ஆடலூர்க்காரர் பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்து நிழலில் நிதானமாக உலர்த்தினாலும், வேறொருவர் காயும் பழமுமாய் உருவி எடுத்தாலும், சல்லடையில் ஒரே அளவாக நின்றால் ஏறத்தாழ ஒரே புள்ளி. அரை நூற்றாண்டு இப்படிப் போனால் ஒரு மலை தன் சுவையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடும்.

இந்த விளக்கத்துக்கு எழக்கூடிய எதிர்ப்பு நியாயமானது. குவியல் சிக்மகளூருக்கும் இருந்ததே, அது எப்படிப் பெயர் எடுத்தது? 1990களின் தொடக்கத்தில் உள்நாட்டு விற்பனைக்கு ஒரு பங்கு, பிறகு திறந்த விற்பனைக்கு ஒரு பங்கு என்று குவியல் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முற்றாக நீங்கியபோது இரு பகுதிகளும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சிக்மகளூரிலும் குடகிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர்த் தோட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பழத்தோல் நீக்கும் சொந்தப் பல்பர், சொந்தக் களம், தோட்டப் பெயர் அச்சிட்ட சாக்கு, ஏற்றுமதியாளரோடு நேரடித் தொடர்பு எல்லாம் உண்டு. காப்பி வாரியமும், தரம் சுவைக்கும் வல்லுநர்களும், பெரும்பாலான ஏற்றுமதி நிறுவனங்களும் கர்நாடகத்திலேயே இருந்தார்கள். வாரியத்தின் சுவைத்தரப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய சுனாலினி மேனன் வெளியே வந்து பெங்களூரில் தனிக் காப்பி ஆய்வகம் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். கதவு திறந்த நாளில் வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். கீழ்ப்பழனி விவசாயி மலைமேல் இருந்தார், அவருக்கும் சந்தைக்கும் நடுவே அடிவாரக் கிட்டங்கி இருந்தது.

4. கிட்டங்கியின் குவியல்

1996க்குப் பிறகு குவியல் ஒழிந்தது என்று எழுதுவது வழக்கம். கீழ்ப்பழனியைப் பொறுத்தவரை அது வாரியத்தின் கையிலிருந்து வியாபாரியின் கிட்டங்கிக்கு இடம் மாறியது என்பதே சரி. இதை விளங்கிக்கொள்ள ஒரு பழம் கொட்டையாகும் வழியைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும்.

பழுத்த காப்பிப் பழத்தை விரலால் பிதுக்கினால் இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அவற்றைச் சுற்றி இனிப்பான பிசின். பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோலை நீக்கிவிட வேண்டும். இரவு முழுக்க மூட்டையில் கிடந்தால் சூடேறி உள்ளேயே புளிக்கத் தொடங்கும். தோல் நீங்கிய கொட்டை தொட்டியில் ஒரு நாள், குளிர் மிகுந்தால் ஒன்றரை நாள், நொதிக்கும். பிசின் கழன்றுவிட்டதா என்று எந்தக் கருவியும் சொல்லத் தேவையில்லை. ஒரு பிடி அள்ளிக் கசக்கினால் வழுவழுப்புப் போய்க் கையில் நரநரவென்று உராயும், அப்போது கழுவ வேண்டும். சில மணிநேரம் தவறினாலும் வெங்காய வாடையோ புளித்த வாடையோ ஏறிவிடும், அது எத்தனை வறுத்தாலும் போகாது. கழுவியபின் மேலே மெல்லிய காகிதத்தோல் ஒட்டியிருக்கும் நிலைக்குத்தான் பார்ச்மென்ட் என்று பெயர். பாதிக்கு மேல் ஈரமாயிருக்கும் அதைக் கிளறிக் கிளறி 10 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு காப்பியின் மதிப்பெண் 78 ஆவதும் 84 ஆவதும் பெரும்பாலும் இந்தச் சில நாட்களில் தீர்மானமாகிறது. மலையின் உயரம் கொடுத்ததைக் களம் காப்பாற்றலாம், அல்லது இழக்கலாம்.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரால் இதை எப்படிச் செய்ய முடியும்? பல்பர் வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிவுநீர் ஓடையில் கலக்காமலிருக்கக் குழி வேண்டும், நவம்பர் தூறலுக்குக் கூரை வேண்டும். ஒரே நாளில் பறிக்கும் பழமும் தொட்டியை நிரப்பாது. எனவே பழமாகவே விற்றுவிடுவதோ, தோலோடு அப்படியே காயவைத்துச் செர்ரியாக விற்பதோ, அரைகுறை ஈரத்தில் பார்ச்மென்ட்டை இறக்கிவிடுவதோ அவருக்கு எளிது. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே போடவேண்டிய கட்டாயமும் இருக்கக்கூடும். பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் வந்துசேரும் மூட்டைகளில் பல ஊர், பல உயரம், பல கைப்பக்குவம் ஒன்றாகின்றன. வியாபாரியைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமில்லை. அவர் எடைக்கும் ஈரத்துக்கும் வெளிறலுக்கும் விலை போடுகிறார், அவரிடம் வாங்குபவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. இந்த வழியில் ஊர்ப்பெயரை எழுதிவைக்க யாருக்கும் காரணமே இல்லை.

அண்மையில் இன்னொரு நெருக்கடி சேர்ந்தது. 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது. விவசாயிக்கு நல்ல காலம், மகிழ்ச்சியே. ஆனால் எதைப் போட்டாலும் விலை வரும் ஆண்டில் பொறுக்கிப் பறிக்கும் பழக்கம் தளர்ந்துவிடும். தரத்துக்கான ஏற்பாடுகளைக் கட்டிக்கொள்ள வேண்டிய வேளையும் கையில் நாலு காசு இருக்கும் அந்த வேளைதான்.

5. டம்ளருக்கு வரும்போது

மூன்றாவது கலப்பு நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. காப்பித்தூள் கடையில் நாம் கேட்பது 'பீபெரி அரை, பிளாண்டேஷன் அரை, சிக்கரி இருபது'. கேள்வி தரப்பிரிவு பற்றியது, விகிதம் பற்றியது. நம் ரசனைக்கு நுணுக்கம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. டிகாக்‌ஷன் இறங்கும் வேகம், பாலின் கெட்டி, முதல் டிகாக்‌ஷனா இரண்டாவதா என்பவற்றில் ஒரு தமிழ்க் குடும்பம் காட்டும் கண்டிப்பு சாதாரணமானதில்லை. அந்த நுணுக்கம் முழுவதும் வறுத்தபிறகு நடப்பவற்றின் மேல் குவிந்தது. புகழ்பெற்ற கும்பகோணம் டிகிரி காப்பியின் ஊரில் காப்பி விளைவதில்லை. அந்தப் புகழ் பாலுக்கும் பக்குவத்துக்கும் உரியது.

சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும், விகிதத்தை உறைமேல் எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்தக் காப்பி எங்கே விளைந்தது என்று எழுதச் சொல்லவில்லை. சிக்கரியை நான் இகழவில்லை. அதன் கசப்பும் கெட்டியும் நம் காப்பியின் பகுதியாகிவிட்டன. ஆனால் பாதியை ஒட்டிச் சிக்கரி சேர்த்து, நன்றாகக் கறுக்க வறுத்து, பாலும் சர்க்கரையும் ஊற்றினால் 1,400 மீட்டர் உயரத்துப் பழத்தின் மென்மையான புளிப்பு எங்கே தெரியும்? அடிவாரத்துச் சந்தையே தன் மலையை அடையாளம் காணாதபோது தொலைதூரத்துச் சந்தை காணும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

6. அரக்கு சொல்வது

மேற்சொன்ன வாதத்தைச் சோதிக்க அரக்கு நல்ல உதாரணம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆதிவாசிக் குடும்பங்கள் சிறுசிறு துண்டுகளில் வளர்க்கும் காப்பி அது. பாரம்பரியக் காப்பிப் பகுதி என்ற பெருமை அதற்குக் கிடையாது. சராசரி உயரத்திலும் அது கீழ்ப்பழனியை விஞ்சியதில்லை. ஆனால் 2017இல் பாரிஸ் நகரில் அரக்குப் பெயரிலேயே கடை திறந்தது. இரண்டாண்டில் குறியீடும் வந்தது.

இதை எல்லோரும் மண்வாசனையின் வெற்றியாகச் சொல்கிறார்கள். நான் வேறு இரண்டைப் பார்க்கிறேன். ஒன்று, நாந்தி அறக்கட்டளை விவசாயிகளைக் கூட்டுறவாகத் திரட்டி, பழமாகவே வாங்கி, ஒரே இடத்தில் பதப்படுத்தியது. இதனால் ஊர்வாரியாகப் பிரித்துச் சுவைக்க முடிந்தது, நல்ல பழத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிந்தது. இரண்டு, நிலம். ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போவதை 1970ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் தடுத்தது. அங்கே அரசு நிலத்தையும் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடக் கூடாதென்று 1997 சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாக்சைட் சுரங்கம் வரவிருந்த மலைகளில் காப்பி நிலைத்ததற்கு அந்தத் தீர்ப்பும் மக்கள் போராட்டமும் முக்கிய காரணங்கள். பெயரைக் கட்டியெழுப்பியது அமைப்பு. அந்த அமைப்பு நிற்க நிலவுரிமை இடம் கொடுத்தது.

கீழ்ப்பழனியிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முடிக்கொத்து நோயால் ஏறக்குறைய அழிந்த விருப்பாச்சி வாழையை, ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகள் மீட்டன. குறியீட்டுக்கு விண்ணப்பித்தது மலைவாழை விவசாயிகளின் கூட்டமைப்பு. அதே ஊர்கள், பல வேளைகளில் அதே நிலங்கள். வாழைக்குக் கூடிய விவசாயிகள் காப்பிக்குக் கூடாமல்போனதற்கு ஒரு காரணம், காப்பியை வாரியம் பார்த்துக்கொள்ளும் என்ற அரை நூற்றாண்டுப் பழக்கம் என்று கருதுகிறேன்.

7. பெயர் வந்தால் யாருக்கு?

இங்கே ஒரு கசப்பான கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. ஒரு கிலோ சுத்தக் கொட்டைக்கு ஏறத்தாழ 6 கிலோ பழம் வேண்டும். ஸ்பெஷாலிட்டிக்கு முழுச்சிவப்புப் பழம் மட்டும் வேண்டும். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும்போது சிவப்பை மட்டும் எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் அதே செடிக்குத் திரும்ப வேண்டும். அட்டைக்கடியிலும் ஈரச்சரிவிலும் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிலோக் கணக்கில் கூலி என்றால் பொறுக்கிப் பறிப்பது அவர்களுக்கு நட்டம். நாட்கூலி என்றால் விவசாயிக்குப் பாரம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று வரம்பு கட்டியது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகிய உரிமைகள் அந்த வரம்புக்கு மேலேதான் பேசப்பட்டன. கீழ்ப்பழனியின் சிறுதோட்டங்களில் வேலைசெய்வோர் அதற்கு வெளியே நின்றார்கள். இந்த மலையின் பூர்வகுடிகளான பளியர்களும் புலையர்களும் நெடுங்காலமாகத் தோட்டங்களில் உழைத்துவருகிறார்கள். காப்பிப் பொட்டலத்தில் அவர்கள் படம் அச்சாவதற்கு முன் கூலியில் அவர்கள் பங்கு தெளிவாக வேண்டும். உயர்விலையில் ஒரு பகுதி பறிப்புக் கூலிக்கு என்று எழுத்தில் இல்லாத ஏற்பாட்டை நான் தரமேம்பாடு என்று ஏற்கமாட்டேன்.

நிழலும் இதோடு சேர்ந்தது. நாட்டுமரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக்கை மட்டும் நட்டுச் செல்லும் போக்கு எல்லாக் காப்பி மலைகளிலும் இருக்கிறது. வேகமாக வளரும், மிளகுக் கொடி ஏறும், மரமாகவும் விற்கலாம். ஆனால் நிழல் மெலிந்த இடத்தில்தான் அராபிகாவைத் தண்டுத்துளைப்பான் அதிகம் தாக்குகிறது. பலா, அத்தி, கல்யாண முருங்கை, வாழை, ஆரஞ்சு, ஏலம் என்று அடுக்கடுக்காக நின்ற பழைய தோட்டம் காட்டுமாட்டுக்கும் பறவைக்கும் வழிவிட்டது. தனிப்பெயர் கேட்கும் காப்பிக்கு அந்தத் தோட்டமே முதல் தகுதி.

8. இனிச் செய்ய வேண்டியவை

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய காடழிப்புத் தடுப்பு விதி, அங்கே இறக்குமதியாகும் காப்பி எந்த நிலத்துண்டில் விளைந்தது என்பதை வரைபட ஆயத்தொலைவோடு கேட்கிறது. அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும் திசை மாறப்போவதில்லை. இந்தியக் காப்பியின் பெரிய வாடிக்கையாளர்கள் இத்தாலியும் ஜெர்மனியும். இதுவரை ஊர்ப்பெயரைத் தொலைத்த வணிகம் இனி ஊரை மட்டுமன்று, சர்வே எண்ணையே காட்ட வேண்டிவரும். அதைச் சுமையாக மட்டும் பார்த்தால் சிறுவிவசாயி சந்தையிலிருந்து வெளியே தள்ளப்படுவார். வாரியமும் வருவாய்த் துறையும் சேர்ந்து நிலத்துண்டுகளைப் பதிந்துகொடுத்தால், கிட்டங்கியில் தொலைந்த அடையாளத்தை மீட்க அதே பதிவேடு உதவும்.

புவிசார் குறியீடு மட்டும் வந்தால் போதுமென்று நினைக்கவில்லை. சான்றிதழ் வந்தபின் பழம் பழைய வழியிலேயே போனால் பெயர் சுவரில் மாட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். முதலில் வேண்டியது தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பகுதிகளில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பல்பிங் நிலையங்கள். குறைந்த நீரில் இயங்கும் பல்பர், மழைக்கூரை போட்ட உலர்த்தும் மேடை, வந்த ஊரைக் குறித்துத் தனித்தனியாக வைக்கும் ஒழுங்கு, பழமாக எடைபோட்டு அன்றே பணம் தரும் கணக்கு ஆகியவை அதில் வேண்டும். மலைமேல் வெயில் வராத வாரங்களில் ஈரப் பார்ச்மென்ட்டை அடிவார வெயிலுக்கு இறக்கலாம், அந்த வண்டி வாடகையை ஒரு தனி விவசாயி தாங்கமாட்டார், கூட்டமைப்பு தாங்கும். தாண்டிக்குடி ஆராய்ச்சி நிலையத்திலேயே ஒரு சுவைக்கூடம் வைத்து, விவசாயி தன் காப்பியைத் தானே சுவைத்து மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள வழிசெய்ய வேண்டும். விளைவிப்பவர் தன் சரக்கின் சுவையை வாங்குபவர் வாயால் மட்டுமே அறியும் நிலை தொடர்ந்தால் பேரம்பேச அவரிடம் ஒன்றும் இருக்காது.

அதன்பிறகு, காப்பி வாரியம் கீழ்ப்பழனி அராபிகாவுக்கும் சேர்வராயன் அராபிகாவுக்கும் குறியீட்டு விண்ணப்பங்களை, சிறுவிவசாயிகளின் கூட்டமைப்பைப் பங்காளியாக வைத்துக்கொண்டு, தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு தன் கூட்டுறவு விற்பனை நிலையங்களில் விற்கும் காப்பித்தூள் உறைகளில் விளைந்த மலையின் பெயரை அச்சிடத் தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. வாசகரும் ஒன்று செய்யலாம். அடுத்தமுறை தூள் அரைக்கக் கொடுக்கும்போது சிக்கரி எத்தனை என்பதோடு, கொட்டை எந்த மலையிலிருந்து வந்தது என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் தன் மொத்த வியாபாரியிடம் கேட்பார்.